ராஜினாமாவை ஏற்க மாட்டார்களாம்!

“நீ போயிட்டா இங்க வேலையை யார் பார்ப்பா?” “இத்தனை நாளா உன்னைக் குடும்பத்துல ஒருத்தனாத்தானே பார்த்தோம்?” “வெளியில உனக்கெல்லாம் யார் வேலை குடுப்பா?” “சரி, போறதுன்னா போ. ஒரிஜினல் சர்டிபிகேட் மட்டும் இங்கயே இருக்கட்டும்.”

இந்த நான்கு வாக்கியங்களும் பெரும்பாலும் இதே வரிசையில்தான் வருகின்றன. முதலில் கெஞ்சல், அப்புறம் பாசம், அப்புறம் அவமதிப்பு, கடைசியில் மிரட்டல். படிப்பை முடித்துவிட்டு முதல் வேலையில் சேர்ந்த நம் தம்பி தங்கைகள் எங்களிடம் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: வேலையை விட்டுவிட்டு எப்படி வெளியே வருவது? கோடிக்கணக்கானவர்கள் வேலை தேடி அலைகிற நாட்டில், கிடைத்த வேலையை விட முடியவில்லை என்பதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று சிலர் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களின் பாட்டனார்கள் வேலை வாங்கிக்கொண்டிருந்தவர்களாக இருப்பார்கள். நம் பாட்டனார்களுக்கு வேலை கிடைக்காதது பிரச்சினையாக இருந்ததே இல்லை. வேலை பிறக்கும்போதே தயாராக இருந்தது. விடத்தான் முடியவில்லை.

வெட்டியான் வேலைக்கும் தோட்டி வேலைக்கும் நியமன ஆணை கிடையாது. ஓய்வு வயதும் கிடையாது. சாவுச் சேதி சொல்லப் போனவர் ஒருநாள் தானே செத்துப்போனால், மறுநாள் சேதி சொல்ல அவர் மகன் போக வேண்டும். கூலி என்று பெயருக்குக் கொஞ்சம் தானியமோ பழைய சோறோ கொடுத்துவிட்டு, அதைச் ‘சுதந்திரம்’ என்று அழைத்தார்கள். உரிமையாக வாங்குகிற பங்குக்கு ஊர் வழக்கில் அந்தப் பெயர். சொல்லில் இருந்த சுதந்திரம் வேலையில் இல்லை.

மராட்டியத்தில் இதே ஏற்பாட்டுக்கு மகார் வத்தன் என்று பெயர். 1874ஆம் ஆண்டின் பம்பாய்ப் பரம்பரைப் பதவிகள் சட்டம் அதற்கு அரசு முத்திரையும் குத்திக் கொடுத்தது. துண்டு நிலத்தைக் காட்டி, நேரம் காலம் இல்லாத ஊழியத்தை வாங்கினார்கள். மகார் வீட்டில் ஆண் இல்லாவிட்டால் அந்த வீட்டில் இருக்கிற வேறு யாராவது போயாக வேண்டும். 1928இல் பம்பாய்ச் சட்ட மேலவையில் இதைத் திருத்த அம்பேத்கர் ஒரு மசோதா கொண்டுவந்தார். விரும்புகிற மகார், தன் நிலத்துக்கு முழுத் தீர்வையைச் செலுத்திவிட்டு ஊழியத்திலிருந்து விலகிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். பாபாசாகேப் கோயில் நுழைவுக்கும் குளத்துத் தண்ணீருக்கும் போராடியதைப் பாடப்புத்தகம் ஒரு வரியாவது சொல்கிறது. வேலையை விட்டு விலகும் உரிமைக்காக அவர் சட்டமன்றத்தில் மல்லுக்கட்டியதைச் சொல்வதில்லை. அந்த மசோதா நிறைவேறவில்லை. அந்தக் கடைநிலைக் கிராம வத்தன்களை ஒழிக்கும் சட்டம் 1958இல்தான் வந்தது. ஒரு ராஜினாமா ஏற்கப்பட 30 ஆண்டுகள்!

தமிழகத்தில் சட்டமன்றத்துக்குக் காத்திராமல் சேரிகளே ராஜினாமா செய்தன. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரங்களில் இளையபெருமாள் போன்றோர் பறையடிப்பதையும் செத்த மாட்டைத் தூக்குவதையும் நிறுத்தச் சொல்லி ஊர் ஊராகப் போனது பலரும் அறிந்தது. பிறகு வந்த ஒவ்வொரு பத்தாண்டிலும் எங்கேயாவது ஒரு சேரி “இனி அடிக்க மாட்டோம்” என்று சொல்லியிருக்கிறது. ஊர் என்ன செய்தது? மளிகைக் கடையில் சாமான் இல்லை என்றது. பாதையை அடைத்தது. களத்து வேலை கிடையாது என்றது. கவனியுங்கள், விட்டது ஒரு வேலை. தண்டனையாகப் பறிக்கப்பட்டது எல்லா வேலையும்.

2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் உனா அருகே, செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைப் பசுவைக் கொன்றதாகச் சொல்லிக் கட்டிவைத்து அடித்தார்கள். அந்த மக்கள் அதற்குச் சொன்ன பதில் இந்திய வரலாற்றின் மிகச் சிறந்த ராஜினாமாக் கடிதங்களில் ஒன்று என்று நாங்கள் கருதுகிறோம். மாட்டுப் பிணங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் சுரேந்திரநகர் கலெக்டர் அலுவலகத்தின் முன் கொட்டினார்கள். உங்கள் மாதா, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்! இரண்டே மாதத்தில், பனாஸ்காந்தா மாவட்டத்தின் ஒரு கிராமத்தில், மாட்டுப் பிணத்தை அகற்ற மறுத்த ஒரு குடும்பம் தாக்கப்பட்டது. அடிபட்டவர்களில் ஒரு கர்ப்பிணியும் இருந்தார். தொட்டதற்கு அங்கே அடி, தொட மறுத்ததற்கு இங்கே அடி. பசுவின் மேல் உள்ள பக்தி இரண்டுக்கும் பொதுக் காரணமாக இருக்க முடியாது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்யவில்லை என்பதுதான் காரணம்.

இதெல்லாம் கிராமத்து விவகாரம், சாதி விவகாரம், கம்பெனிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கம்பெனிகள் இந்தப் பாடத்தை எங்கே படித்தன என்று பார்ப்போம்.

1843இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு, அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று ஐந்தாம் சட்டத்தைக் கொண்டுவந்தது. சரியாக 16 ஆண்டுகள் கழித்து, 1859இல், தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் அது குற்றம். மாஜிஸ்திரேட் அவரைப் பிடித்துவந்து வேலை செய்ய வைக்கலாம், மறுத்தால் சிறை. முதலாளி ஒப்பந்தத்தை மீறினால் சிறை உண்டா? இல்லை. அடிமை முறியைக் கிழித்த கையே முன்பணச் சீட்டை எழுதிக் கொடுத்தது. அந்தச் சட்டத்தை ரத்துசெய்ய 1925 வரை ஆயிற்று.

கடல் கடந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களுக்கு இன்னொரு கயிறு. அதன் பெயர் ‘துண்டு’. தோட்டத்தைவிட்டு விலக வேண்டுமானால் கங்காணியிடம் உள்ள கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு ஒன்று வேண்டும். அந்தக் கடனைக் கட்டத் தயாராக இருக்கிற வேறு தோட்டம்தான் அவர்களைச் சேர்த்துக்கொள்ளும். சீட்டு இல்லாமல் போனால் எங்கும் வேலை கிடையாது. இங்கிருந்து கப்பலேறியவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துண்டு முறையை 1921இல் ஒழித்தார்கள். இன்று உங்கள் எச்.ஆர். அதிகாரி கொடுக்காமல் இழுத்தடிக்கும் ‘ரிலீவிங் லெட்டர்’ இருக்கிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வருகிறது. தாளின் தரம் கூடியிருக்கிறது. கங்காணி டை கட்டியிருக்கிறார்.

செங்கல் சூளையில் டை கூடக் கிடையாது. மழைக்காலத்தில், வேலையே இல்லாத நேரத்தில், தரகர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து முன்பணம் கொடுப்பார். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பமே லாரியில் ஏறும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. கணக்கு நோட்டு ஓனரிடம். வாரச் செலவுக்குக் கொடுத்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது கொடுத்தது, ஊர்த் திருவிழாவுக்கு விடாமல், விடாததற்குச் சமாதானமாகக் கொடுத்தது எல்லாம் நோட்டில் ஏறும். மழையில் கரைந்த பச்சைக் கல் கூலியில் கழியும். பருவம் முடியும்போது பார்த்தால் வாங்கிய கடன் அப்படியே இருக்கும், சில வீட்டில் கூடியும் இருக்கும். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களிலும் இதே ‘அட்வான்ஸ்’ கணக்குதான். ஒரு முதலாளியிடமிருந்து விடுதலை வேண்டுமானால் இன்னொருவரிடம் அதைவிடப் பெரிய அட்வான்ஸ் வாங்கி இவருக்கு அடைக்க வேண்டும்.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது, நல்ல சட்டம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவருடையது. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் உழைத்தால் அவரைப் பசியும் வறுமையும் கட்டாயப்படுத்துகின்றன, அதுவும் அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்புதான் என்றது. சங்கிலி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், தலித்தைக் கட்டாய வேலை வாங்குவதை, பிணம் அகற்றவோ குழி தோண்டவோ வற்புறுத்துவதை, மறுத்தவரைச் சமூகப் பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதைத் தனித்தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. ஆனால் சூளையில் ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்கிற முதல் கேள்வி, “கட்டிப் போட்டிருக்காங்களா?” என்பதுதான். கட்டிப் போடவில்லை என்றால் கொத்தடிமை இல்லை என்று எழுதிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்.

நூற்பாலைகளின் ‘சுமங்கலி திட்டம்’ நம் தங்கைகளைப் பிடித்துவைத்த விதம் இன்னும் நுட்பமானது. மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார், முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. இரண்டரை வருடத்தில் உடம்பு தாங்காமல் வெளியே வந்தால்? தொகை இல்லை. அந்தத் தொகை அவள் கூலியிலிருந்து பிடித்துவைத்தது. அவள் காசையே பிணையாக வைத்து அவளையே பிடித்துவைக்கிறார்கள். வரதட்சணையை ஆலை முதலாளி ஒரு நிர்வாகக் கருவியாக மாற்றிக்காட்டினார். பெயர் வேறு சுமங்கலி!

இப்போது பட்டதாரிகளிடம் வருவோம். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருந்த ஒரு தோழர், சேரும்போதே பத்தாம் வகுப்பிலிருந்து முதுகலை வரை எல்லா அசல் சான்றிதழ்களையும் கொடுத்திருக்கிறார். வேறு வேலை கிடைத்து ராஜினாமாக் கடிதம் கொடுத்தபோது, கல்வியாண்டு முடியாமல் விட முடியாது என்றார்கள். முடிந்ததும் கேட்டார். மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டுச் சான்றிதழை வாங்கிக்கொள் என்றார்கள். அந்தக் கல்லூரி அவருக்கே இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தது. அவர் வீட்டில் அவர்தான் முதல் பட்டதாரி. தாளாளர் அறையில் அவரிடம் சொல்லப்பட்டது இது: “உங்க ஆளுங்களுக்கு இங்க வேலை கொடுத்ததே பெரிசு.”

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். முன்பணத்தை நோட்டில் எழுதலாம். பாண்டுத் தொகையைப் பத்திரத்தில் எழுதலாம். எழுத முடியாத ஒரு கடன் இருக்கிறது, அதுதான் நன்றிக்கடன். உனக்கு வேலை கொடுத்தோம், உன்னை உள்ளே விட்டோம், எங்கள் டம்ளரில் காபி கொடுத்தோம். மற்றவன் வேலையை விட்டால் அது ‘கெரியர்’. நாம் விட்டால் நன்றிகெட்டதனம். அவனுக்கு வேலை அவன் தகுதியால் கிடைத்தது, நமக்கு மட்டும் அவர்கள் பெருந்தன்மையால் கிடைத்ததாம்.

நன்றிக்கடனுக்குப் பாபாசாகேப் எடுத்துக்காட்டிய வழி நினைவிருக்கட்டும். பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் கொலம்பியாவில் படித்தவர் அவர். பதிலுக்குப் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்றுவதாக 1913இல் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தார். இன்றைய மொழியில், பத்து வருடப் பாண்டு. 1917இல் போய் வேலையில் சேர்ந்தார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தன்னை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் கம்புகளோடு வந்து வெளியேற்றினார்கள். வீடு கேட்டு மன்னருக்கு மனு கொடுத்தார், அது திவானிடம் போனது, திவானால் ஒன்றும் ஆகவில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். பத்தாண்டு ஒப்பந்தம், மன்னரின் பெருந்தன்மை, வெளிநாட்டுப் படிப்பு எல்லாம் ஒரு பக்கம். தலைசாய்க்க ஓர் அறை இல்லை என்பது மறுபக்கம். அவர் ரயிலேறினார். அவரைவிடப் பெரிய நன்றிக்கடன் உங்களுக்கு எந்தத் தாளாளரிடமும் இருக்காது.

எங்கள் ஆத்திரம் முழுவதும் இன்னொரு இடத்தில் இருக்கிறது. நம் ராஜினாமா எப்போதும் மறுக்கப்படுவதில்லை. சில நேரம் அதை அவர்களே எழுதி, கையெழுத்து மட்டும் கேட்பார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுகள் அங்கே என்ன நடந்தது? தேர்தல் நடக்கவில்லை, நடந்தால் வென்றவர் பதவியேற்ற சூட்டிலேயே ராஜினாமா செய்தார். மேலவளவில் ராஜினாமா செய்யாமல் தலைவராக இருந்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள், உடனிருந்த ஐந்து பேரையும் சேர்த்து. நாற்காலியில் உட்கார்ந்தால் ராஜினாமாவை எழுதி வாங்குகிறவர்கள், துடைப்பத்தைக் கீழே வைத்தால் ராஜினாமாவைக் கிழித்துப் போடுகிறார்கள். எந்த வேலையில் நீ இருக்க வேண்டும், எதில் இருக்கக் கூடாது என்பதை நீ முடிவு செய்யக் கூடாது. இவ்வளவுதான் விஷயம்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் 13 நாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தனியாருக்குக் கொடுக்காதே, நிரந்தரமாக்கு என்று கேட்டார்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அதையொட்டி, நிரந்தரம் கேட்பது குப்பை அள்ளுகிறவர்களை அதே வேலையில் நிறுத்திவைக்கும் என்ற கருத்தை அண்ணன் திருமாவளவன் சொன்னார். அவர் மீதுள்ள மதிப்பில் குறையில்லாமலே சொல்கிறோம்: நாங்கள் உடன்படவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த வேலை நம்மைவிட்டுப் போக வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் எப்படிப் போகும்? ஒப்பந்தக் கூலியாக இருக்கிற அம்மாவின் மகள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்று அம்மாவின் சீருடையை வாங்கிக்கொள்கிறாள். மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் மருத்துவ விடுப்பும் இருக்கிற அம்மாவின் மகள் கல்லூரிக்குப் போகிறாள். நிரந்தர வேலைதான் அந்த வேலையைவிட்டு வெளியேறுவதற்கான டிக்கெட். கையில் காசில்லாதவருக்கு ‘விட்டுவிடு’ என்று அறிவுரை சொல்வது எளிது.

அதனால் நாங்கள் எல்லோரையும் ‘தூக்கி எறிந்துவிட்டு வா’ என்று சொல்லவில்லை. உள்ளே இருந்து போராடுவதும் ஒரு வழிதான். அம்பேத்கரே நேருவின் அமைச்சரவையில் நான்கு ஆண்டுகள் இருந்தார். இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டபோது, 1951 செப்டம்பரில், ராஜினாமா செய்தார். விலகல் அறிக்கையை அவையில் படிக்கப் போனால், முன்கூட்டியே நகலைக் கொடு என்றார் துணை சபாநாயகர். போகிற மனிதன் என்ன பேசப் போகிறான் என்பதையும் தணிக்கை செய்ய வேண்டுமாம்! கொடுக்க மறுத்து வெளிநடப்புச் செய்தார். இருந்த நான்கு ஆண்டும் அவர் தேர்வு, கிளம்பிய நாளும் அவர் தேர்வு. நாங்கள் கேட்பது அந்தத் தேர்வை.

நம் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தலித் உரிமை பேசும் தொண்டு நிறுவனங்கள் சிலவற்றில் களப்பணியாளர் ராஜினாமா செய்தால், “சமூகத்துக்குத் துரோகம் பண்றியா?” என்று கேட்கிறார்கள். புராஜெக்ட் முடியும்வரை சம்பளத்தைப் பிடித்துவைக்கிறார்கள். நீலத் துண்டு போட்டுக்கொண்டு கங்காணி வேலை பார்க்க வேண்டாம் என்று அவர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

சரி, நடைமுறைக்கு வருவோம். தனியார் வேலையில் ராஜினாமா என்பது அறிவிப்பு. அனுமதி கேட்கும் மனு அல்ல. நியமனக் கடிதத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தைக் குறிப்பிட்டு, கடைசி வேலை நாளைத் தேதி போட்டு எழுதுங்கள். (அரசு வேலையில் கதை வேறு, அங்கே ஏற்பு ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டும்.) மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், தபாலிலும் ஒப்புகையோடு அனுப்புங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். விருப்பமில்லாத ஒருவரை வேலை செய்தே ஆக வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் உத்தரவிட முடியாது, தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்துக்கு அந்த நிவாரணம் சட்டத்திலேயே கிடையாது. ஆனால் பாண்டு எல்லாமே செல்லாது என்று வாட்ஸப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகியதற்காக 2 லட்சம் ரூபாய் கேட்ட பாண்டு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது பொதுத்துறை வங்கி, தேர்வு நடத்தி ஆள் எடுத்த செலவு என்ற கணக்கு. உங்களுக்குப் பயிற்சியே கொடுக்காமல் பல லட்சம் கேட்கும் கம்பெனி அதே நியாயத்தைக் கோர முடியாது. தொகை நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும்.

அசல் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல, பிடித்துவைக்க முதலாளிக்கு உரிமையில்லை. எழுத்தில் கேளுங்கள், கொடுக்காவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ், பிறகு காவல் நிலையப் புகார். சாதி சொல்லித் திட்டியிருந்தால் எந்த நாள், எந்த இடம், யார் முன்னால் என்று அன்றைக்கே குறித்து வையுங்கள். வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை கேட்டால் கொடுக்காதீர்கள். பாக்கிச் சம்பளத்தை, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்கச் சொல்கிறது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. பி.எஃப். உங்கள் பணம். விலகிய தேதியை நிர்வாகம் பதிவு செய்யாமல் இழுத்தடித்தால் இரண்டு மாதம் கழித்து இணையத்தில் நீங்களே பதிவு செய்யலாம்.

கடிதம் கொடுக்கப் போகிற நாளில் தனியாகப் போகாதீர்கள். எங்களில் இரண்டு பேர் கூட வருகிறோம், இன்னொருவர் வாசல் டீக்கடையில் போனோடு உட்கார்ந்திருப்பார். “இவங்க எல்லாம் யாரு?” என்று மேனேஜர் கேட்பார். குடும்பம் என்று சொல்லுங்கள். அவருக்குப் பிடித்த வார்த்தைதானே அது.